செக்ரோலில் ஏறாத உழைப்பு

தோட்டப்புற மக்களே!

மே மாதம் பிறந்தால் நமக்கு இரண்டு நாள்கள் வரிசையாக வருகின்றன. முதல் தேதி தொழிலாளர் தினம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். தொழிலாளர் தினத்தில் மேடை போட்டு, தோரணம் கட்டி, உழைப்பாளியை வாழ்த்துகிறோம். அடுத்த ஞாயிறோ அதற்கடுத்த ஞாயிறோ அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து, கேக் வெட்டி, படம் பிடித்துக்கொள்கிறோம். நல்லதுதான். வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு கேள்வி எழ வேண்டுமா, இல்லையா? நம்மைப் பொறுத்தவரை இந்த இரண்டு நாளும் ஒரே ஆளுக்கு உரியவை அல்லவா? நம் அம்மாதானே தொழிலாளி!

அப்படியிருக்க, தொழிலாளர் தின மேடையில் தொழிலாளி என்றால் ஆம்பளை என்றே பேசுகிறோம். அன்னையர் தினத்தில் அம்மா என்றால் தெய்வம் என்கிறோம். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில், கை காய்த்து, இடுப்பு வலித்து, அரை வயிற்றோடு நம்மை ஆளாக்கிய ஒரு மனுஷி கணக்கில் வராமலே போய்விட்டார். அவரைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

கப்பலில் வந்த தாய்மார்

நாம் இருப்பது போர்ட் கிள்ளான். 1972 வரை இதற்குப் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். நம் பாட்டன், பாட்டிமாரில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, இந்தத் துறைமுகத்தில்தான் கால் வைத்தார்கள். ரஜூலா கப்பலின் பெயர் தெரியாத தோட்டத்துக் கிழவர் உண்டா? இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தலையில் ஒரு மூட்டை என்று இறங்கிய பெண்களுக்கு இங்கே கிடைத்த வரவேற்பு என்ன? காடும், சேறும், கொசுவும்தான். 1901ஆம் ஆண்டு இந்தத் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் வேலையாட்களைப் படுக்கையில் தள்ளியது. கிள்ளானில் இருந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடியவைத்த பிறகுதான் துறைமுகம் பிழைத்தது. தோட்டங்களுக்குள் அந்த வாய்க்கால் வந்து சேரும் வரையில், காய்ச்சலில் துடித்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தது யார்? விடிந்ததும் பெரட்டுக்குப் போய் நின்றதும் அதே அம்மாதானே!

அந்த உழைப்புக்குக் கொடுத்த விலையையும் சொல்லி விடுகிறோம். 1920களின் கடைசியில் வைத்த நிர்ணயக் கூலியில், கரையோரத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே காடு, ஒரே வெயில், ஒரே மரம். ஆனால் பெண் என்பதற்காகப் பத்துக் காசு வெட்டு. அந்தப் பத்துக் காசை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. நம் பாட்டிமார் அத்தனை பேருக்கும் இந்த நாடு வைத்திருக்கும் பாக்கி அது.

ஒரு நாள் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாம் சொல்வது சரியா என்று ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்தாயிற்று. அடுப்பு மூட்டி, சோறு வடித்து, தேத்தண்ணி போட்டு, பசியாறலுக்குக் கட்டிக் கொடுத்து, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைச் சேலையில் சுற்றி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்கு ஓட வேண்டும். மண்டோர் பெயர் வாசிக்கும்போது இருந்தால்தான் செக்ரோலில் அன்றைய வேலை ஏறும். பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கி, மரம் மரமாக வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளிகளைக் காண்டாக் கட்டையில் தோளில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்கும்போது உச்சிவேளை ஆகிவிடும்.

செக்ரோல் அத்தோடு முடிந்தது. அம்மாவின் நாள் முடிந்ததா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பால் நாற்றம் போக உடுப்பை அலசி, பீலித் தண்ணீருக்கு வரிசையில் நின்று, விறகு பொறுக்கி, ஆடு மாட்டுக்குத் தழை அறுத்து, ராத்திரிச் சோறு ஆக்கி, எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டியிருப்பதைத் தான் தின்று படுக்கும்போது ராத்திரி பத்து.

நாலு மணி முதல் பத்து மணி வரை பதினெட்டு மணி நேரம். அதில் கிராணியின் செக்ரோலில் ஏறியது எட்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். மீதி பத்து மணி நேரம் எந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டது? அந்தப் பத்து மணி நேரம் இல்லையென்றால் மறுநாள் காலையில் அப்பா வேலைக்குப் போயிருக்க முடியுமா? நாம் பள்ளிக்கூடம் போயிருக்க முடியுமா? தோட்டத்துக்கு அடுத்த தலைமுறைத் தொழிலாளி கிடைத்திருப்பானா? கம்பெனி சம்பளம் கொடுத்தது ஒரு வேலைக்கு. வாங்கிக்கொண்டது இரண்டு வேலை.

ஆயாக்கொட்டகை

பெற்றவரைச் சொல்லிவிட்டு, வளர்த்தவரைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு தாய். ஒருவர் பெற்ற அம்மா. இன்னொருவர் ஆயா.

ஆயாக்கொட்டகை எப்படி இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய ஒரு கொட்டகை. உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். தரையில் தவழும் பிள்ளைகள் ஒரு பத்து இருபது. இத்தனைக்கும் வயதான ஓர் ஆயா, மிஞ்சிப் போனால் இரண்டு பேர். காட்டு வேலைக்கு உடம்பு தாங்காது என்று ஆன பிறகு அந்த வேலைக்கு வந்தவர்கள்தாம் பெரும்பாலும். ஒரு காலால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டு, கையால் இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு, வாயால் மூன்றாவது பிள்ளையை அதட்டிக்கொண்டு இருந்த அந்தக் கிழவியை நினைத்துப் பாருங்கள். யார் பிள்ளை, என்ன சாதி, எந்த ஊர் என்று அவர் கேட்டாரா? அழுத பிள்ளைக்குப் பால், தூங்கிய பிள்ளைக்குத் தொட்டில். லயத்தில் சாதி பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆயாவின் மடியில் சாதி இல்லை. தோட்டத்தில் நமக்குக் கிடைத்த முதல் சமத்துவப் பள்ளிக்கூடம் அந்தக் கொட்டகைதான்.

அந்த ஆயாமாரில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? 'ஆயாம்மா' என்று கூப்பிட்டோம்; அவ்வளவுதான். நம்மில் டாக்டரும் ஆசிரியரும் ஆனவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், போர்ட்டில் கிரேன் இயக்குகிறவர்கள் எல்லாருமே அந்தப் பெயர் தெரியாத கிழவியின் கையால் ஒரு வாய்க் கஞ்சி குடித்தவர்கள்தாம்.

பிள்ளைகளுக்காக எழுந்த போராட்டம்

அம்மா என்றால் பொறுமை, பொறுமை என்றால் அம்மா என்று பாடிப் பாடியே அவர் பொறுக்காத காலம் ஒன்று இருந்ததை மறந்துவிட்டோம். 1941ஆம் ஆண்டு இதே கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்று நடத்தியது. 'தமிழ் நேசன்' பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்த ஆர். எச். நாதன் அதன் தலைவராக நின்றார். கூலி உயர்வுக்காக நடந்த போராட்டம் என்றுதான் பலரும் அதைச் சொல்கிறார்கள். கூலியும் கேட்டார்கள்; உண்மை. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழனுக்கும் கொடு என்றார்கள். தொரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியலை முழுதும் வாசித்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். ஒழுங்கான வைத்திய வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். எங்கள் பெண்களைத் தொரைமாரும் மேல்சிப்பந்திகளும் தொந்தரவு செய்வது நிற்க வேண்டும்.

இதெல்லாம் யாருடைய கோரிக்கை? சம்பளக் காசு கள்ளுக்கடைக்குப் போனால் உலை கொதிக்காமல் தவித்தது யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டிரசரின் வாசலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தது யார்? மேடையில் பேசியவர்கள் ஆண்களாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலின் பாதி, லயத்து அடுப்படியில் எழுதப்பட்டது என்பதை மறுப்பார் உண்டோ? 1941 மே மாதம் நாதனைப் பிடித்தார்கள். பிறகு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தச் சாவு வீடுகளில் மறுநாள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார் என்பதை எந்தச் சரித்திரமும் எழுதவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் வேலைக்குத் தோட்டத்து ஆண்களைப் பல்லாயிரக் கணக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. லயங்களில் மிஞ்சியது பெண்களும் பிள்ளைகளும் கிழங்களும்தாம். அரிசி இல்லை, துணி இல்லை, மருந்து இல்லை. மரவள்ளியை நட்டு, பிடுங்கி, வேகவைத்து அந்தப் பெண்கள் பிள்ளைகளை உயிரோடு காப்பாற்றினார்கள். அவர்கள் காப்பாற்றிய பிள்ளைகளின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும்தாம் நாம்.

மருந்துப் பம்பு

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அம்மாவின் வேலை குறைந்ததா? உதிரிப் பழம் பொறுக்கினார், உரம் போட்டார், முதுகில் பம்பைத் தூக்கிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடித்தார். மருந்து என்று நாம் சொல்கிறோம். அது நஞ்சு! பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள். நகம் பெயர்ந்தது, கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. அந்தக் கையோடு வீட்டுக்கு வந்துதான் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். தெனாகானித்தா அமைப்பை 1991இல் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ் போன்றவர்கள் இதை ஊருக்கு எடுத்துச் சொன்னார்கள். 2002இல் அந்த அமைப்பு மருந்து அடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை போட்டது. அரசாங்கம் தடை என்றது, பிறகு தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் இந்த நாட்டில் பாராகுவாட் முழுதாகத் தடை செய்யப்பட்டது. அதற்குள் எத்தனை தாய்மார் நுரையீரலையும் கண்ணையும் கொடுத்துவிட்டார்கள்! அவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தது யார்?

"அம்மா கணக்குப் பார்த்தா செய்தார்?"

நாங்கள் கூட்டங்களில் இதைப் பேசும்போது சில பெரியவர்கள் எழுந்து ஒன்று சொல்வார்கள். "தம்பி, அம்மா பாசத்தில் செய்ததற்கெல்லாம் கணக்குப் பார்க்கலாமா? தாய்ப்பாலுக்கு விலை போடலாமா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பேச்சை நாம் வேறு ஒருவர் வாயிலும் கேட்டிருக்கிறோமே, ஞாபகம் இல்லையா? கூலி உயர்வு கேட்டுப் போகும்போதெல்லாம் நிர்வாகம் என்ன சொன்னது? "தோட்டம் ஒரு குடும்பம் மாதிரி. குடும்பத்துக்குள் என்ன கணக்கு வழக்கு?" அப்போது நாம் விட்டோமா? "குடும்பம் என்றால் பங்கு எங்கே?" என்று திருப்பிக் கேட்டோம். கேட்டதால்தான் கூலி உயர்ந்தது, லீவு வந்தது, சேமநிதி வந்தது. தொரையிடம் செல்லாத வாதத்தை அம்மாவிடம் மட்டும் செல்லும் என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்?

அம்மா கணக்குப் பார்க்கவில்லை. அது அவருடைய பெரிய மனசு. ஆனால் வாங்கிக்கொண்டவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவர் மறந்துவிட்டாலும் வாங்கியவர் மறக்கக் கூடாது என்பதுதானே நம் ஊர்ப் பழக்கம்?

நன்றி என்றால் என்ன?

ஆகவே நன்றியைச் செயலில் காட்ட நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம். எல்லாம் சட்டத்தில் இருப்பவை அல்லது நம் கையில் இருப்பவை.

முதலாவது, பிரசவ லீவு. முன்பு 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 நாள். குழந்தை பிறப்பதற்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்தவருக்கு, ஐந்து பிள்ளைகள் வரை, அந்த 98 நாளுக்கும் சம்பளம் உண்டு. கர்ப்பமாக இருக்கிறார் என்பதற்காக வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. தோட்டத்தில் இருந்தாலும், மேருவில் தொழிற்சாலையில் இருந்தாலும், ஆஸ்பத்திரியில் காண்டிராக்டில் தரை துடைத்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். "காண்டிராக்ட் ஆளுக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள்; தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம்.

இரண்டாவது, அப்பாமாருக்கு. 2023 முதல் மனைவியின் பிரசவத்துக்குக் கணவனுக்கும் ஏழு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அந்த முதலாளியிடம் பன்னிரண்டு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த ஏழு நாள் நண்பர்களோடு விருந்து கொண்டாடக் கொடுத்ததன்று, தம்பிமாரே! துணி துவைக்கவும், சோறாக்கவும், ராத்திரி பிள்ளை அழுதால் எழுந்து தூக்கவும் கொடுத்தது.

மூன்றாவது, வீட்டு வேலையும் வேலைதான் என்று இந்த நாட்டுச் சட்டமே இப்போது ஒப்புக்கொண்டுவிட்டது. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் 2022 டிசம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 55 வயதை எட்டாத பெண்கள் சேரலாம். ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. மாதத்துக்குப் பத்து வெள்ளி. அடுப்படியில் வழுக்கி விழுந்தாலும், நோயில் உடம்பு செயலிழந்தாலும் உதவி கிடைக்கும். அன்னையர் தினத்துக்கு 120 வெள்ளியில் சேலை எடுக்கிற பிள்ளைகளே, சேலையோடு இதையும் கட்டிவிடுங்கள். சேலை ஒரு வருஷத்தில் வெளுக்கும். இது அம்மாவை ஒரு வருஷம் காக்கும்.

நாலாவது, சேமநிதி. நம் அம்மாமாரில் பலருக்கு வயதான காலத்தில் சொந்தக் காசு என்று ஒரு காசு கிடையாது. பிள்ளை கொடுத்தால் உண்டு. இந்த நிலை நம் மனைவிமாருக்கும் வரவேண்டுமா? கணவர் தம் சேமநிதிச் சந்தாவில் 2 விழுக்காட்டை மனைவியின் கணக்குக்கு மாற்றிவிடும் ஏற்பாடு இருக்கிறது. சேமநிதி அலுவலகத்தில் கேட்டு எழுதிக் கொடுத்தால் போதும். வாயால் சொல்லும் 'வீட்டு மகாலட்சுமி'யைவிட இந்தக் கையெழுத்து பெரிது.

ஐந்தாவது, ஆயாக்கொட்டகை. தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றிய கடமை தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தோட்டம் போய் டவுன் வந்த இடங்களில் கொட்டகையும் போய்விட்டது. புக்கிட் ராஜா தோட்டம் இருந்த இடத்தில் இப்போது பண்டார் புக்கிட் ராஜா. சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் ஷா ஆலம் மாநகரம். அந்த மண்ணில் இருந்து வந்த பெண்கள் அடுக்குமாடி வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஷிப்ட் வேலைக்குப் போகும்போது யாரிடம் விடுவது என்று தவிக்கிறார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு பிள்ளை பார்ப்பவருக்கே போய்விடுகிறது. குடியிருப்புக்கு ஒரு பிள்ளைக் காப்பகம், அதில் பிள்ளை பார்ப்பவருக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்குக் குறையாத கூலி. இதை நம் கோரிக்கைப் பட்டியலின் கீழே எங்கோ எழுதாமல் மேலே எழுத வேண்டும்.

கடைசியாக, சங்கம். கூட்டத்துக்கு வரும் பெண்களைப் பின் வரிசையில் உட்காரவைத்து, தேத்தண்ணி கலக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. செயற்குழுவில் பெயருக்கு ஒரு பெண். அதுவும் 'மகளிர் பகுதி' என்று ஒரு மூலையில். 1941இல் கோரிக்கையை எழுதவைத்தவர்களின் பேத்திமாருக்கு நாம் கொடுக்கும் இடம் இதுதானா? அடுத்த தேர்தலில் தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்குப் பெண்களை நிறுத்துங்கள். வீட்டுச் செலவைப் பத்து வெள்ளி குறையாமல் நடத்திக் காட்டியவர்களுக்குச் சங்கத்துக் கணக்கு என்ன பெரிய காரியம்?

இன்னும் ஒன்று, காசு செலவில்லாதது. உயிரோடு இருக்கும் தோட்டத்துக் கிழவிமாரிடம் போய் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பல், எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை தங்கியது, எந்த நிரையில் வேலை செய்தார்கள், உங்கள் ஆயாக்கொட்டகையில் இருந்த ஆயாவின் சொந்தப் பெயர் என்ன என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கிராணி எழுதாத செக்ரோலை நாம் எழுதுவோம். தோட்டம் துண்டாடப்பட்டது, லயம் இடிபட்டது, கோயில்கூட இடம் மாறியது. அந்தப் பெயர்களாவது தங்கட்டும்.

அம்மாவின் படத்துக்கு மாலை போடுவதற்கு முன்னால், அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் சந்தா கட்டுங்கள்; அவர் வேலையில் பாதியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்; அவரைக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரவையுங்கள். வரும் மே முதல் தேதி ஊர்வலத்துக்கு நாம் போகும்போது, வீட்டில் சோறாக்கிவிட்டு வருகிறேன் என்று எந்த அம்மாவும் பின்தங்கக் கூடாது. அன்றைக்குச் சோற்றை நாம் ஆக்கி வைத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போவோம்.